ஒரே தட்டில் உம்மாவும் பிள்ளையும்

கண்டி டவுனில் மார்க்கப் புத்தகம் விற்கிற கடைகளில் நான் ஏறி இறங்காத கடை குறைவு. எங்கே போனாலும் அந்தத் தட்டு கண்ணில் பட்டுவிடும். "சிறுவர், பெண்கள்". ஒரே போர்டு. கடையின் கடைசி மூலை, அதிலும் கீழ்த்தட்டு. குனிந்து, சில நேரம் குந்தியிருந்துதான் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேரே தங்க எழுத்துப் பதித்த தஃப்ஸீர் வால்யூம்களும் ஹதீஸ் தொகுப்புகளும் கம்பீரமாக நிற்கும். அவற்றுக்கு மேலே "ஆண்கள்" என்று போர்டு இருக்காது. எதற்கு? போர்டு போட்டு ஒதுக்கி வைக்க வேண்டியது நம்மைத்தானே.

ஏழு வயசுப் பிள்ளைக்கும் அதன் உம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் ஒரே தட்டு. பேராதனைக் கெம்பஸில் படித்து டொக்டராகிய பெண் வந்தாலும் அதே தட்டுத்தான். ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டே விட்டேன். நல்ல மனுஷர், கேட்டதற்குக் கோபப்படவில்லை. "ரெண்டும் சின்னப் புத்தகம் தானே ராத்தா, சைஸ் ஒண்டு" என்றார்.

சைஸ்!

உனக்கென்ன இந்த வயிற்றெரிச்சல் என்கிறீர்களா? சொல்கிறேன். மீலாத் மாதம் நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பள்ளி நிர்வாகத்துக்கு திடீரென்று என் ஞாபகம் வரும். அஹதிய்யாப் பிள்ளைகளுக்குப் பரிசு, பெண்களுக்கான போட்டிக்குப் பரிசு. "நீங்க வாசிக்கிற ஆள் தானே, ஏதாவது புக்ஸ் பார்த்து எடுத்துத் தாங்கோ." அந்த "ஏதாவது" இருக்கிறதே, அதுதான் முழுக் கதையும். சஹன் சாப்பாட்டுக்கு "ஏதாவது" என்று சொல்லுவார்களா? எந்த அரிசி, இறைச்சி எந்தக் கடையில், வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று மூன்று கூட்டம் போடுவார்கள். சவுண்ட் சிஸ்டத்துக்கு மூன்று கொட்டேஷன் எடுப்பார்கள். புத்தகத்துக்கு மட்டும் ஏதாவது. காசும் அந்த "ஏதாவது"க்கு ஏற்றபடிதான் வரும்.

சரி, நான் இருக்கிற பல்லேகலயிலேயே வாங்கலாமே என்பீர்கள். இங்கே என்ன இல்லை? உலகக் கிண்ண மேட்ச் நடந்த கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கிறது. மாகாண சபைக் கட்டடம் இருக்கிறது. முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயம் இருக்கிறது. போகம்பறையிலிருந்து கொண்டுவந்த சிறைச்சாலையும் இருக்கிறது. தமிழில் ஒரு பிள்ளைப் புத்தகம் வாங்க ஒரு கடை? தென்னகும்புர பாலத்தைத் தாண்டி, கண்டி டிரஃபிக்கில் பஸ்ஸுக்குள் வெந்து, டவுனுக்குத்தான் போக வேண்டும். போய், அந்தக் கீழ்த்தட்டுக்கு முன்னால் குந்த வேண்டும்.

குந்திப் பார்த்தால் என்ன இருக்கிறது?

முதலில் பிள்ளைகள் பக்கம். அரபியிலோ இங்கிலிஷிலோ யாரோ எழுதியதை யாரோ அவசரமாகத் தமிழாக்கியது. பனி கொட்டும், அடுப்பங்கரையில் சிம்னி புகையும், பிள்ளை பூட்ஸ் கழற்றும். பல்லேகலப் பிள்ளைக்கு பனி என்றால் ஹுன்னஸ்கிரிய பக்கம் காலையில் இறங்குகிற மூடுபனி மட்டும்தான். தமிழ் நடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு வசனம் தொடங்கினால் எங்கே முடியும் என்று எழுதியவருக்கே தெரியாது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கிறபோது கதையின் தலை மறந்திருக்கும்.

பிறகு படம். ஐயோ, அந்தப் படங்கள்! பிள்ளை நிற்கும், தொப்பி போட்டிருக்கும், கையில் பேரீச்சம்பழம் இருக்கும், முகம் இருக்கும், முகத்தில் கண் இருக்காது, மூக்கு இருக்காது, வாய் இருக்காது. வழுவழுவென்று ஒரு முட்டை வடிவம். பக்கத்து வீட்டுச் சின்னது அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டது. உயிருள்ளவற்றின் உருவம் வரையக்கூடாது என்பது ஒரு கருத்து. மதிக்கிறேன். அப்படியென்றால் வரையாதீர்கள். மகாவலியை வரையுங்கள். நக்கிள்ஸ் மலையை வரையுங்கள். கண்டி லைன் பள்ளியின் வாசலை வரையுங்கள். கோலம் கோலமாக ஜியோமெட்ரி போடுங்கள். இஸ்லாமியக் கலையே அதில்தானே உலகத்தை வாய் பிளக்க வைத்தது! மனுஷனை முழுக்க வரைந்துவிட்டு முகத்தை மட்டும் ரப்பரால் அழித்து வைப்பது எந்த ஊர்ப் பேணுதல்?

அதைவிடப் பெரியது பயம். ஆறு வயசுக்கு கப்ர் வேதனை. ஏழு வயசுக்கு நரகத்துப் பாம்பு. பொய் சொன்னால் நாக்கு, தொழாவிட்டால் தலை, எல்லாம் விலாவாரியாக, உறுப்பு உறுப்பாக. படுக்கப் போகிற நேரத்தில் வாசித்துக் கொடுக்க எழுதியதாம். அல்லாஹ்வின் பேர்களில் ரஹ்மானும் ரஹீமும் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகின்றன. எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்த இரண்டு பேரையும் சொல்லித்தானே தொடங்குகிறோம்? புத்தகத்தில் அது முதல் பக்கத்தோடு சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து பாம்பு.

இரவு லைட்டை அணைக்க விடமாட்டேன் என்று அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கிடப்பது யார்? எழுதினவரா?

பக்கத்திலேயே பெண்கள் பகுதி. கவரில் ரோஜாப்பூ. பத்துப் புத்தகம் எடுத்தால் எட்டில் ரோஜா, மிச்சம் இரண்டில் ரோஜாவின் மேல் பனித்துளி. பெண் என்றால் பூவாம். உள்ளே திறந்தால் பூவுக்கு விழுகிற அடியைப் பார்க்க வேண்டும். கணவனுக்குச் செய்ய வேண்டியவை, கணவனைக் கோபப்படுத்தக் கூடாதவை, நரகத்தில் பெண்கள் ஏன் அதிகம், நாவை அடக்குவது எப்படி, வாசல் தாண்டுவது எப்போது. கடைசியில் இடம் மிஞ்சினால் இரண்டு துஆ. சில புத்தகங்களில் நோன்புக் கஞ்சி வைக்கிற விதமும் இருக்கும். அது ஒன்றுதான் பிரயோசனமானது.

கணவனுக்கான புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன், ஒரு பகிடிக்கு. மனைவியிடம் எப்படி நடப்பது, வீட்டு வேலையில் எப்படிக் கை கொடுப்பது. நபியவர்கள் தன் செருப்பைத் தானே தைத்தார்கள், வீட்டு வேலையில் உதவினார்கள் என்று ஹதீஸிலேயே இருக்கிறதே, அதை வைத்து ஒரு புத்தகம்? கடைப் பொடியன் உண்மையிலேயே தேடினான், பாவம். மேல்தட்டு, கீழ்த்தட்டு, குடோன். "அப்பிடி ஒண்டு வாறதில்ல மாமி" என்றான்.

சஹாபியப் பெண்களின் வரலாறு என்று எடுத்தால் அங்கேயும் கத்தரிக்கோல் போட்டிருப்பார்கள். கதீஜா நாயகி மக்கத்துப் பெரிய வியாபாரி. தன் சரக்கைக் கொண்டுபோக ஆள் அமர்த்தியவர். புத்தகத்தில் அது அரை வரி. மிச்சமெல்லாம் பொறுமை, பொறுமை, பொறுமை. ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேலே. பெரிய பெரிய சஹாபாக்களே சந்தேகம் கேட்டு அவர்களின் வாசலுக்கு வந்தார்கள். புத்தகத்தில் அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய சம்பவம் மட்டும் இனிப்பாக இருக்கும். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்று ஒரு பெண். எழுதத் தெரிந்தவர், ஹஃப்ஸா நாயகிக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர். உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறதா என்று. அந்த ஹஃப்ஸா நாயகியிடம்தான் தொகுத்து எழுதிய குர்ஆன் பிரதி பாதுகாப்பாக இருந்தது. உஸ்மான் கலீஃபா பிரதிகள் எடுக்க நினைத்தபோது ஆளனுப்பி அவர்களிடமிருந்துதான் வாங்கினார். உம்மத்தின் முதல் தொகுப்பையே ஒரு பெண்ணின் கையில் நம்பி வைத்திருந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். இன்றைக்கு அறுபது பக்க ரோஜாப்பூவுக்கு மேலே ஒரு பெண்ணின் கையில் கொடுக்க யோசிக்கிறோம்.

பழைய ஆட்கள் அப்படித்தான், காலம் அப்படி, என்று தலையாட்டுபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அஷ்ரஃப் அலி தானவி தேவ்பந்த் வழி வந்த ஆலிம், முற்போக்குக்காரர் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாத மனுஷர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருதுவில் பெண்களுக்காக 'பிஹிஷ்தி ஸேவர்' எழுதினார். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சீராகக் கொடுத்தனுப்புகிற புத்தகம் அது. அதில் எனக்குக் கோபம் வருகிற பக்கங்கள் நிறைய உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் எழுத்துப் பயிற்சி இருக்கிறது, கடிதம் எழுதுகிற முறை இருக்கிறது, வீட்டுக் கணக்கு இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. மார்க்கச் சட்டத்தைப் பெண்ணுக்கென்று தண்ணீர் கலக்காமல் விரிவாக வைத்திருக்கிறார். ஒரு ஆலிமுக்குத் தெரிந்தது ஒரு பெண்ணுக்கும் தெரியவேண்டும் என்று நினைத்து எழுதிய கை அது. நூறு வருசம் கழித்து வந்த நம் ரோஜாப்பூக்களில் கணக்கும் இல்லை, கடிதமும் இல்லை, சட்டமும் இல்லை. அதட்டல் மட்டும் தங்கிவிட்டது.

கீழக்கரை ஆசியா உம்மா ஞானப் பாட்டுப் பாடிய மொழி இது. அவரைத் தட்டில் தேடினேன். வேண்டாம், விடுங்கள்.

தூரத்துக்கு ஏன் போக வேண்டும்? இந்தக் கண்டி மண்ணிலேயே அறிஞர் சித்திலெப்பை இருந்தார். 1838இல் பிறந்த கண்டிக்காரர், புரொக்டர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை. 1885இல் 'அசன்பே சரித்திரம்', தமிழில் வந்த ஆரம்ப நாவல்களில் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் எழுதினார். பெண் பிள்ளைகளுக்கு கண்டியில் பாடசாலை திறந்தார். அந்தக் காலத்தில் அதற்கு என்னவெல்லாம் பேச்சு வாங்கியிருப்பார், யோசித்துப் பாருங்கள். மீலாத் மேடையில் அவர் பேர் வராத வருசம் இல்லை. ஒவ்வொரு பேச்சாளரும் முதல் வஹீயே வாசிக்கச் சொல்லித்தான் இறங்கியது என்று தொடங்கி, சித்திலெப்பையைத் தொட்டு, கல்வியே நம் ஆயுதம் என்று மைக் அலறக் கத்தி இறங்குவார்கள். இறங்கி வந்து பரிசு கொடுப்பார்கள். என்ன பரிசு? பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. புத்தகம் கொடுத்தால் அதன் முதல் பக்கத்தில், படத்துக்கு மேலேயே, "அன்பளிப்பு" என்று உள்ளங்கை அகல ஸ்டிக்கர். கொடுத்தவரின் பேர் பெரிசு, அவருடைய மர்ஹூம் வாப்பாவின் பேர் அதைவிடப் பெரிசு, புத்தகத்தின் பேர் அதற்குக் கீழே எங்கேயோ.

இது நம்ம ஆட்களின் வியாதி மட்டும் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். குண்டசாலையிலிருந்து என்னோடு பஸ்ஸில் வருகிற டீச்சரம்மா, இந்து, அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறவர், அந்த நினைப்பையும் கெடுத்தார். நவராத்திரிக்கு அவருக்கும் இதே தலைவலியாம். பிள்ளைகளுக்கு வாங்கப் போனால் கலர் அடித்துக் கொட்டிய புராணக் கதை, அசுரனின் குடல் வெளியே தொங்குகிற படத்தோடு. பெண்களுக்கென்றால் எந்தக் கிழமை எந்த விரதம் பிடித்தால் புருஷன் ஆயுசு நீளும் என்கிற புத்தகம், அதோடு ஒரு குங்குமப் பைக்கற் இலவசம். "நாவலர் 1850களிலேயே பாலபாடத்தை ஒண்டு, ரெண்டு எண்டு வயசுக்கேத்த மாதிரிப் பிரிச்சு எழுதிக் குடுத்தவர் அக்கா. இப்ப பாருங்கோ, அஞ்சு வயசுக்கும் அம்மம்மாக்கும் ஒரே புத்தகம்" என்று பொருமினார். இரண்டு பேரும் சேர்ந்து தென்னகும்புர வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தோம். இன நல்லிணக்கம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, எங்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதே கண்டியில் சிங்களப் புத்தகக் கடைக்குள் ஏறிப் பாருங்கள். பிள்ளைப் புத்தகம் கண் மட்டத்தில், பிள்ளையின் கண் மட்டத்தில். சிபில் வெத்தசிங்க என்கிற பெண் எழுதி, தானே வரைந்த குடைத் திருடன் கதை எத்தனை மொழிக்குப் போயிருக்கிறது! ஜாதகக் கதைகள் அழகான படங்களோடு கிடைக்கின்றன. போதிசத்துவருக்குக் கண் இருக்கிறது, குரங்குக்கும் கண் இருக்கிறது. எனக்குப் பொறாமை வரும். மறைக்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இப்போது சிங்கள மீடியம், இங்கிலிஷ் மீடியம். தமிழ் பேசும், வாசிக்காது. அவர்களை இழுத்துப் பிடிக்க வேண்டிய தமிழ்ப் புத்தகம் பனியையும் பாம்பையும் காட்டி விரட்டுகிறது. பிறகு "பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று நாமே கூட்டம் போடுகிறோம். அதற்கும் சஹன் சாப்பாடு உண்டு.

விலையைப் பற்றி? முக்கால்வாசிச் சரக்கு சென்னை மண்ணடியிலிருந்து வருவது. இந்திய விலையை நாலாலோ ஐந்தாலோ பெருக்கிக் கொள்ளுங்கள். 2022இல் டொலர் ஏறியதும் இரவோடு இரவாகப் பழைய ஸ்டிக்கருக்கு மேல் புது ஸ்டிக்கர். அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது ஞாபகம் இருக்கும். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது புத்தகத்தையும் விட்டு வைக்கவில்லை. இவ்வளவையும் தாங்கி ஒரு உம்மா ஒரு புத்தகம் வாங்குகிறாள் என்றால் அது நல்ல புத்தகமாக இருக்க வேண்டாமா?

இனி அடுத்தது. இதைச் சொல்லும்போது குரல் தானாகக் குறைகிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஏன் நல்ல புத்தகங்கள் வருவதில்லை" என்று கேட்டால் கடைக்காரர்கள் முதலில் விலையைச் சொல்லுவார்கள். கொஞ்ச நேரம் நின்றால், கடையில் வேறு ஆள் இல்லையென்றால், மற்றதைச் சொல்லுவார்கள். "பிரச்சினை இல்லாத புக்ஸ் மட்டும்தான் எடுக்கிறது." 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாட்டில் அரபு எழுத்து இருக்கிற கடதாசியே குற்றச் சாமானாகிப் போனதே! நம்ம ரோட்டிலேயே, இதே ஏ26இல் மஹியங்கனைப் பக்கம் போனால் ஹசலக வரும். அங்கே 2019 மே மாதம் ஒரு பெண் போட்டிருந்த கவுனில் கப்பல் சுக்கான் படம். அதைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி உள்ளே போட்டார்கள். ஒரு துணியையே வாசிக்கத் தெரியாதவர்கள் நம் புத்தகத்தை வாசித்து முடிவு சொல்லுவார்களா என்று பயந்து, அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் அலுமாரிகள் காலியாகின! எரித்தவர்கள், ஆற்றில் விட்டவர்கள், கிணற்றில் போட்டவர்கள். வழக்கிலே தண்டனை வாங்காமலே நாமே நம் புத்தகங்களுக்குத் தண்டனை கொடுத்தோம்.

2020 மேயில் அஹ்னாப் ஜஸீம். சிலாவத்துறைப் பொடியன், வாத்தியார், கவிஞர். 'நவரசம்' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருந்தார். தமிழ்க் கவிதை. அதற்குள் தீவிரவாதம் இருக்கிறது என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்தார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுதலை செய்தது. 2021இல் இஸ்லாம் பாடப் புத்தகங்களையே பாடசாலைகளிலிருந்து திருப்பி எடுத்தது அரசாங்கம். அதே வருசம் மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து இஸ்லாமியப் புத்தகம் இறக்குவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். 2024இல் வந்த தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புப் பிரதிகளே சுங்கத்தில் மாதக் கணக்காகத் தூங்கின. பிள்ளைக்கு ஒழு எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற புத்தகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சு! சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

இதனால் என்ன நடந்தது தெரியுமா? யோசிக்க வைக்கிற எழுத்து, கேள்வி கேட்கிற எழுத்து, இந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிற எழுத்து, எதையும் இறக்க ஆளில்லை. ஏன் வம்பு? எந்த அதிகாரி புரட்டினாலும் ஒன்றும் சொல்லமாட்டார் என்கிற புத்தகம் எது? கணவனுக்குக் கீழ்ப்படி, பொறுமையாக இரு, நாவை அடக்கு. அரசாங்கத்துக்கும் அதில் பிரச்சினை இல்லை, நிர்வாகத்துக்கும் பிரச்சினை இல்லை. ரோஜாப்பூ ஜாம்ஜாமென்று கன்டெய்னரில் வந்து இறங்குகிறது. இதில் மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமை!

எனக்கு உண்மையில் வேண்டியிருந்த புத்தகம் வேறு. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தது. தெல்தெனிய, பல்லேகல, குண்டசாலை, அக்குறணை என்று பரவியது. அவசரகாலச் சட்டம் போட்டார்கள், ஃபேஸ்புக்கை மூடினார்கள், எங்கள் வீடுகளில் லைட்டை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வாய் பொத்தி வைத்திருந்தோம். திகனயில் ஒரு வாலிபன் எரிந்த வீட்டுக்குள் மவுத்தானான். அன்றைக்கு மடியில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது நன்றாகக் கேள்வி கேட்கிற வயசு. "ஏன் நம்ம பள்ளியப் பத்தவச்சாங்க?" "பக்கத்து வீட்டு அங்கிளும் அவங்களோட சேந்தவரா?" "அந்த அங்கிள் தானே நமக்குச் சோறு கொண்டுவந்து தந்த?" இரண்டும் நடந்ததுதான். பற்ற வைத்தவர்களும் இருந்தார்கள், வாசலில் நின்று காத்தவர்களும் இருந்தார்கள், தஞ்சம் கொடுத்த பன்சலையும் இருந்தது. இதை ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு ஈமானும் குறையாமல், பக்கத்து வீட்டில் வெறுப்பும் வராமல் எப்படிச் சொல்லுவது? மக்காவில் துன்பப்பட்டவர்கள், அபிசீனியாவில் ஒரு கிறிஸ்தவ அரசனிடம் அடைக்கலம் போனவர்கள், இதெல்லாம் நம் வரலாற்றிலேயே இருக்கிறதே! அதை எடுத்து, திகனப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, தெல்தெனிய பஸ்ஸும் மகாவலியும் பக்கத்து வீட்டு அங்கிளும் வருகிற மாதிரி எழுதிய ஒரு புத்தகம் கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "அப்பிடியெல்லாம் கேட்டுத் திரியாதீங்க ராத்தா."

எழுத ஆளில்லை என்று சொல்லாதீர்கள். உடத்தலவின்னையில் இருந்து புன்னியாமீன் தனி ஆளாகச் சிந்தனை வட்டத்தை நடத்தி முந்நூறுக்கும் மேலே புத்தகம் வெளியிட்டுவிட்டுப் போனார். மல்வானை, மாவனல்லை, அக்குறணை, வெலிகம, எங்கே தொட்டாலும் எழுதுகிற பெண்கள் இருக்கிறார்கள், கவிதைத் தொகுதி போட்டுவிட்டு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் பிள்ளைகளுக்கு எழுதித் தாங்கோ என்று எந்த நிர்வாகமாவது கேட்டிருக்கிறதா? ஒரு மீலாத் சவுண்ட் சிஸ்டக் காசில் முப்பத்திரண்டு பக்கப் பிள்ளைப் புத்தகம் ஒன்றை அச்சடிக்கத் தொடங்கலாம். சொல்லிப் பார்த்தேன். "நல்ல யோசனை, இன்ஷா அல்லாஹ்" என்றார்கள். நம் ஊரில் இன்ஷா அல்லாஹ் என்று இழுத்துச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வருசமும் லிஸ்ட் எழுதினேன். பிள்ளைகளுக்கு வயசு வாரியாக. பெண்களுக்கு ரோஜா இல்லாத புத்தகங்கள்: ஒரு நல்ல சீரா, ஒரு தமிழ் ஹதீஸ் தொகுப்பு, ஆம், அந்தத் தங்க எழுத்துத் தட்டிலிருந்தே, ஒரு பெண் எழுதிய சிறுகதைத் தொகுதி. ஏன் எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் ஆசை. ஆனால் நிர்வாகக் கூட்டம் இஷாவுக்குப் பிறகு பள்ளியின் மேல்மாடியில். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. பெண்களுக்கான பரிசை முடிவு செய்கிற கூட்டம்தான், இருந்தாலும் இல்லை. அதனால் லிஸ்டை இவரிடம் கொடுத்தனுப்பினேன், கூடவே ஒரு வொய்ஸ் மெசேஜ், செயலாளர் நானாவின் வாட்ஸ்அப்புக்கு. ஏழு நிமிசம் பேசியிருப்பேன். நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம். அடுத்த நாள் காலையில் மெசேஜ்: "ஜஸாக்கல்லாஹ் ராத்தா. புக்ஸ் கொஞ்சம் டெப்தா ஈக்கி எண்டு கமிட்டி சொல்லுது. பொம்பளைகளுக்கு இந்த முற கேஸரோல் குடுப்பம்."